விசையும் விரலும் – 6: ஒரு கைக்கு எட்டாத தூரம்

சென்ற வாரம் ஆப்பிள் 2 கணினியின் ரீசெட் விசையோடு நிறுத்தியிருந்தோம். 1977-இல் வந்த அந்தக் கணினியில் ரீசெட் விசை வலது மூலையில், ரிட்டர்ன் விசைக்கு மேலேயே இருந்தது. ஒவ்வொரு வரி முடியும்போதும் ரிட்டர்னைத் தேடிப் போகும் விரல் கொஞ்சம் தவறினால் போதும், ஓடிக்கொண்டிருந்த நிரல் அறுந்துபோகும். பிறகு வந்த கணினிகளில் கண்ட்ரோல் விசையோடு சேர்த்து அழுத்தினால்தான் ரீசெட் வேலை செய்யும்படி ஆப்பிள் மாற்றியது.

கணினியைத் திரும்பத் தொடங்கவைக்க ஒரு வழி வேண்டும். அது கைதவறி நடந்துவிடவும் கூடாது. இந்த இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? அந்தக் கேள்விக்கு உலகம் முழுக்கப் பரவிய விடை வேறோர் ஊரில், வேறொரு நிறுவனத்தில் கிடைத்தது.

* * *

போக்கா ராட்டன், 1980

ஃப்ளோரிடா மாநிலத்தின் அட்லான்டிக் கரையோர ஊர் போக்கா ராட்டன். ஐபிஎம்மின் தலைமையகம் இருந்த நியூயார்க் மாநிலத்துக்கும் இந்த ஊருக்கும் வெகு தொலைவு. அந்தத் தொலைவு நல்லதாகவே போயிற்று.

பெரிய நிறுவனங்களுக்குப் பெரிய கணினிகளைச் செய்துகொடுத்து வந்த நிறுவனம் ஐபிஎம். புதுப் பொருள் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவர அங்கே ஆண்டுக்கணக்கில் ஆகும். எத்தனை கமிட்டி, எத்தனை கையெழுத்து! மேசைமேல் வைக்கும் கணினி ஒன்றை ஒரே ஆண்டில் செய்துகாட்டுகிறேன் என்று பில் லோ என்ற அதிகாரி மேலிடத்தில் பேசி, 1980-இல் அனுமதி வாங்கினார். வழக்கமான நடைமுறைகளை இந்த ஒரு திட்டத்துக்கு மட்டும் ஒதுக்கி வைக்கலாம் என்பது அந்த அனுமதியின் சாரம். திட்டத்தின் ரகசியப் பெயர் செஸ். பின்னர் தலைமைப் பொறுப்பு டான் எஸ்ட்ரிட்ஜ் கைக்கு வந்தது.

தொடக்கத்தில் இருந்த பொறியாளர்கள் பன்னிரண்டு பேர். அவர்களில் ஒருவர் டேவிட் பிராட்லி. பர்டியூ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1975-இல் ஐபிஎம்மில் சேர்ந்து, டேட்டாமாஸ்டர் என்ற கணினியில் வேலை பார்த்தவர். 1980 செப்டம்பரில் செஸ் குழுவுக்கு வந்தார். அவர் தலையில் விழுந்த பொறுப்பு பயாஸ்.

சுவிட்சைப் போட்டதும் கணினியில் முதலில் கண்விழிக்கும் நிரல் அதுதான். அது ஃப்ளாப்பியில் இருப்பதில்லை. போர்டிலேயே பதிந்த ஒரு சில்லில், வெறும் 8 கிலோபைட் இடத்துக்குள் அடங்கியிருந்தது. நினைவகம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, விசைப்பலகையைக் கவனிப்பது, திரையில் எழுத்து காட்டுவது, ஃப்ளாப்பியைத் திறந்து இயங்குதளத்தை ஏற்றுவது எல்லாம் அதன் வேலை.

ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பதால் மற்றவற்றை வெளியிலிருந்து வாங்கினார்கள். மூளையாக இன்டெலின் 8088 வந்தது. டாஸ் என்ற இயங்குதளத்தை மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. பயாஸை மட்டும் ஐபிஎம் தானே எழுதியது. அதில் எழுதிய ஒவ்வொரு வரியும் பிற்காலத்தில் என்னவாகப் போகிறது என்று எழுதியவர்கள் யாரும் அன்று யோசித்திருக்க வாய்ப்பில்லை.

* * *

சிவப்பு சுவிட்ச்

புது வன்பொருள். அதன்மேல் புது பயாஸ். அதன்மேல் இன்னும் எழுதி முடியாத இயங்குதளம். இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் சோதித்தால் என்ன ஆகும்? ஹேங் ஆகும். திரை உறைந்து நிற்கும். எந்த விசையைத் தட்டினாலும் பதில் இருக்காது.

இதற்கு 8088 சில்லின் அமைப்பும் ஒரு காரணம். ஒரு நிரலின் நினைவகத்தை இன்னொரு நிரல் தொடாமல் காக்கும் வேலி எதுவும் அதில் கிடையாது. தவறான முகவரியில் ஒரு எண்ணை எழுதிவிட்டால் இயங்குதளத்தின் நடுமுதுகிலேயே அடி விழும். எழுதிய நிரல் மட்டும் சாகாது, கணினி முழுவதுமே நின்றுபோகும்.

நின்றுபோன கணினியை எழுப்ப அப்போது இருந்த ஒரே வழி, வலது பக்கத்தில் பின்புறமாக இருந்த பெரிய சிவப்பு சுவிட்ச். அணைக்க வேண்டும், திரும்பப் போட வேண்டும். அதன் பிறகுதான் உண்மையான தொல்லை. சுவிட்சைப் போட்டதும் பயாஸ் தன் கடமையைத் தொடங்கும். நினைவகத்தின் ஒவ்வொரு இடத்திலும் எழுதிப் பார்த்து, திரும்பப் படித்துப் பார்த்து, எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் ஃப்ளாப்பியைத் தொடும். 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடிய கணினிக்கு அது லேசான வேலையல்ல. நினைவகம் கூடக் கூட, காத்திருக்கும் நேரமும் கூடியது.

ஒரு நாளைக்கு ஒருமுறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். நிரலில் ஒரு வரியை மாற்றி, ஓட்டிப் பார்த்து, ஹேங் ஆகி, அணைத்துப் போட்டு, காத்திருந்து, மறுபடி ஒரு வரியை மாற்றி என்று நாள் முழுக்க நடக்கும்போது? கெடு ஓராண்டுதான். அந்தச் சோதனைக்காக வீணாகும் நேரம் குழுவில் இருந்த எல்லோரையும் அரித்தது.

மின்சாரத்தை அணைக்காமல், நினைவகச் சோதனையையும் தாண்டிப் போய், கணினியைத் திரும்பத் தொடங்கவைக்க முடியுமா என்று கேட்டார்கள். கேள்வி பிராட்லியிடம் வந்தது.

* * *

சில நிமிட வேலை

பிராட்லி பிற்காலத்தில் பல மேடைகளில் சொன்ன கணக்குப்படி, அதற்கு அவருக்கு ஐந்து, பத்து நிமிடங்கள்தான் ஆயின. முடித்துவிட்டு, செய்ய வேண்டியிருந்த நூறு வேலைகளில் அடுத்ததைப் பார்க்கப் போய்விட்டார். அது பெரிய விஷயம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அந்தச் சில நிமிடங்களில் அவர் எழுதியது என்ன என்று பார்க்கலாம். இந்தத் தொடரில் இதுவரை பார்த்த எதையும்விட இது எளிமையானது என்பதால்தான் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

ஒரு விசையை அழுத்தினால் விசைப்பலகை ஒரு எண்ணை அனுப்பும். எண் வந்ததும், செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, விசைப்பலகைக்கென்று இருக்கும் பயாஸ் நிரல்துண்டுக்குக் கணினி தாவும். இதற்கு இன்டரப்ட் என்று பெயர். ஓடிக்கொண்டிருந்த நிரல் பைத்தியம் பிடித்தாற்போல ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தாலும் சரி, விசைப்பலகையின் குரல் பயாஸின் காதில் விழும். ஹேங் ஆன கணினியிலும் இந்த உத்தி வேலை செய்ததற்குக் காரணம் இதுதான்.

வந்த எண்ணை வாங்கியதும், இரண்டு குறிப்பிட்ட விசைகள் ஏற்கெனவே அழுந்தியிருக்கின்றனவா என்று பிராட்லியின் நிரல் பார்க்கும். மூன்றாவதாக வந்ததும் எதிர்பார்த்த விசைதானா என்று பார்க்கும். மூன்றும் பொருந்தினால், நினைவகத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் 1234 என்ற பதினாறடிமான எண்ணை எழுதிவைத்துவிட்டு, தொடக்க நிரலுக்குத் தாவிவிடும். சில கட்டளைகள், அவ்வளவே.

அந்த 1234 எதற்கு? தொடக்க நிரலுக்கு விட்டுச்செல்லும் சீட்டு அது. சுவிட்சைப் போட்ட கணினியில் அந்த இடத்தில் ஏதோ குப்பை எண் கிடக்கும். 65,536 எண்களில் தற்செயலாக இந்த ஒன்றே அமைவது அரிது. ஆகவே 1234 இருந்தால், இது விசையால் வந்த தொடக்கம் என்று பயாஸ் புரிந்துகொள்ளும். சற்று முன்தான் சோதித்த நினைவகத்தை மறுபடி சோதிக்காது. நேரே ஃப்ளாப்பிக்குப் போகும்.

எந்த மூன்று விசைகள்? முதலில் பிராட்லி தேர்ந்தெடுத்தவை கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப்.

* * *

எண் 1, எண் 83

இந்த இடத்தில் அந்த விசைப்பலகையை மனக்கண்ணில் கொண்டுவர வேண்டும். இன்றைய விசைப்பலகையை மறந்துவிடுங்கள்.

1981-இன் ஐபிஎம் விசைப்பலகையில் விசைகள் 83. எஃப்1 முதல் எஃப்10 வரையிலான விசைகள் இடது ஓரத்தில் இரண்டு வரிசையாக நிற்கும். அவற்றை அடுத்து எழுத்துப் பகுதி தொடங்கும். அந்தப் பகுதியின் இடது விளிம்பில் மேலிருந்து கீழாக எஸ்கேப், டேப், கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட். இன்று கேப்ஸ் லாக் இருக்கும் இடத்தில் அன்று கண்ட்ரோல் இருந்தது. கண்ட்ரோல் ஒன்றுதான், ஆல்ட்டும் ஒன்றுதான். வலப்பக்கத்தில் அவற்றுக்கு ஜோடி கிடையாது.

ஆக, பிராட்லி முதலில் எடுத்த மூன்று விசைகளும் ஒரே செங்குத்து வரிசையில் இருந்தன. இடது கை ஒன்றே போதும். மேசையில் சாய்ந்து உட்கார்ந்தவரின் முழங்கையோ, விளிம்பில் வைத்த கனமான புத்தகமோ பட்டால்கூட ஆபத்து. எழுதிக்கொண்டிருந்த வேலை ஒரு நொடியில் காணாமல் போகும். உறுதியா என்று கணினி கேட்காது. கேட்கக் கூடாது என்பதுதானே அதன் நோக்கம்.

இதைக் கவனித்தவர் அந்தத் திட்டத்தின் தலைமை நிரலாளர் மெல் ஹாலர்மன். எஸ்கேப் வேண்டாம், டெலீட்டை வைக்கலாம் என்றார். டெலீட் வலது கோடியில், எண்பலகையின் அடிவரிசையில் இருந்தது. இடது விளிம்பில் இரண்டு விசைகளையும் வலது கோடியில் ஒன்றையும் ஒரே நேரத்தில் ஒரு கையால் அழுத்தவே முடியாது. இரண்டு கையும் வேண்டும். இரண்டு கையையும் நீட்டி அழுத்துபவர் மனதறிந்துதான் அழுத்துகிறார்.

அந்த விசைப்பலகை ஒவ்வொரு விசைக்கும் அனுப்பும் எண்ணைப் பார்த்தால் இந்த மாற்றம் இன்னும் துலங்கும். எஸ்கேப்பின் எண் 1. டெலீட்டின் எண் 83. வரிசையின் முதல் விசையை எடுத்துவிட்டுக் கடைசி விசையை வைத்தார்கள்.

ரீசெட் விசைக்கு மூடி போடலாம், இன்னும் அழுத்தமான ஸ்பிரிங் வைக்கலாம், தனிப் பொத்தானாகப் பின்புறம் கொண்டுபோகலாம். எல்லாவற்றுக்கும் செலவு உண்டு, வன்பொருளை மாற்றும் காலதாமதம் உண்டு. ஹாலர்மனின் யோசனைக்குச் செலவே இல்லை. நிரலில் ஒரு எண் மாறியது. பாதுகாப்பு, விசைகளுக்கு இடையிலிருந்த தூரத்தில் இருந்தது. கணினி வரலாற்றில் பாராட்டப்பட வேண்டிய வடிவமைப்புகளில் இது ஒன்று என்பது என் உறுதியான எண்ணம். பிராட்லியின் பெயர் தெரிந்த அளவுக்கு ஹாலர்மனின் பெயர் தெரியாமல் போனது நியாயமல்ல.

* * *

வெளியே வந்த ரகசியம்

இதெல்லாம் பொறியாளர்கள் தங்களுக்காகச் செய்துகொண்டது. வாங்குபவர்களுக்குச் சொல்லும் எண்ணம் பிராட்லிக்கு இல்லை. பட்டறைக்குள் புழங்கும் ஒரு வசதி, அவ்வளவுதான்.

கையேடு எழுதுபவர்கள் வந்தார்கள். அவர்களுக்கு வேறொரு சிக்கல். அன்றைய பல மென்பொருள்கள் தொடக்க ஃப்ளாப்பியாகவே வந்தன. ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குப் போக, புது ஃப்ளாப்பியைப் போட்டுக் கணினியை அணைத்துப் போட வேண்டும். இதை வாங்குபவருக்கு எப்படி எளிதாகச் சொல்வது என்று திணறியவர்களுக்கு, பொறியாளர்கள் கையிலிருந்த உத்தி கண்ணில் பட்டது. ஃப்ளாப்பியைப் போடுங்கள், கண்ட்ரோல் ஆல்ட் டெலீட் அழுத்துங்கள், நிரல் வந்து நிற்கும். ஒரே வரியில் வேலை முடிந்தது. ரகசியம் அச்சில் ஏறியது.

1981 ஆகஸ்ட் 12. நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் ஐபிஎம் பெர்சனல் கம்ப்யூட்டர் அறிவிக்கப்பட்டது. 16 கிலோபைட் நினைவகம் கொண்ட அடிப்படை மாடலின் விலை 1,565 டாலர்.

அதோடு ஐபிஎம் இன்னொரு காரியமும் செய்தது. தொழில்நுட்பக் கையேட்டில் பயாஸின் மூல நிரல் முழுவதையும் அச்சிட்டு விற்றது. எல்லோரும் இந்தக் கணினிக்கு மென்பொருள் எழுத வேண்டும் என்ற ஆசை. பிராட்லி எழுதிய அந்தச் சில கட்டளைகளும், 1234 என்ற எண்ணும், அது எழுதப்படும் இடமும் உலகத்துக்கே தெரிந்தன.

படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1982 நவம்பரில் காம்பேக் நிறுவனம் ஐபிஎம்முக்கு இணையாக ஓடும் கணினியை அறிவித்தது. பின்னால் ஒரு பட்டாளமே வந்தது. ஐபிஎம்மின் பயாஸை நகலெடுத்தால் வழக்கு வரும். ஆகவே அதன் நிரலைப் பார்க்காதவர்களை வைத்து, அது செய்யும் அத்தனை வேலையையும் செய்யும் புது பயாஸை எழுதவைத்தார்கள். வேலை ஒன்று விடாமல் ஒத்துப்போக வேண்டும். மூன்று விசை, 1234 உட்பட. ஒருவர் அவசரத்துக்குச் செய்த வசதி இப்படித்தான் ஒரு தொழிலின் நியதியாக மாறியது.

90களில் நம் ஊர்க் கணினி மையங்களில் டாஸ் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். கட்டளைகள் வாய்க்கு வரும் முன்பே, ஹேங் ஆனால் எந்த மூன்று விசை என்று விரலுக்குத் தெரிந்திருந்தது.

* * *

மாற்றி மாற்றித் தொடங்கியவர்கள்

மூல நிரல் தெரிந்துவிட்டதால் விசையையே தொடாமலும் அந்த வேலையைச் செய்ய முடிந்தது. டாஸோடு வந்த டீபக் என்ற கருவியைத் திறந்து, அந்த இடத்தில் 1234-ஐ எழுதி, தொடக்க முகவரிக்குத் தாவும் கட்டளையைச் சேர்த்துச் சேமித்தால் போதும். சில பைட்டுகளில் ஒரு நிரல் தயார். அதன் பெயரைத் தட்டினால் கணினி திரும்பத் தொடங்கும்.

இதனால் என்ன லாபம்? டாஸ் கால ஆர்வலர்களின் மிகப் பயனுள்ள உத்தி ஒன்று இதை நம்பி இருந்தது. எந்த டிரைவர்களை ஏற்ற வேண்டும், நினைவகத்தை எப்படிப் பங்கிட வேண்டும் என்பதை கான்ஃபிக்.சிஸ் என்ற கோப்பு சொல்லும். டாஸ் அதைத் தொடங்கும்போது ஒரே ஒருமுறைதான் படிக்கும். ஒரு விளையாட்டுக்குக் கூடுதல் நினைவக டிரைவர் கட்டாயம் வேண்டும். இன்னொரு நிரலோ, 640 கிலோபைட்டில் ஒவ்வொரு துளியையும் தனக்கே கேட்கும், அந்த டிரைவர் இருந்தால் ஓடவே ஓடாது. இரண்டையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர் என்ன செய்வார்?

கான்ஃபிக்.சிஸ்ஸை இரண்டு மூன்று விதமாக எழுதி வேறு வேறு பெயர்களில் வைத்துக்கொண்டார்கள். வேண்டியதைச் சரியான பெயருக்கு நகலெடுத்து, உடனே மேலே சொன்ன குட்டி நிரலை ஓட்டும் ஒரு பேட்ச் கோப்பை எழுதினார்கள். ஒரு வார்த்தை தட்டினால் கணினி புது உடம்போடு எழுந்து வந்தது. தொடங்கும்போதே பட்டியல் காட்டி, எந்த அமைப்பு வேண்டும் என்று கேட்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 1993-இல் எம்எஸ்-டாஸ் 6-இல்தான் கொடுத்தது. அதுவரை பயனர்கள் தாங்களே செய்துகொண்டது இது. மிகுந்த மதிப்போடு நினைக்க வேண்டிய கைத்திறன்.

எதிர்த்திசையிலும் ஆட்கள் இருந்தார்கள். பொது இடங்களில் கணினி வைத்திருந்தவர்களுக்கு, யாரோ வந்து மூன்று விசையை அழுத்திவிட்டுப் போவது தலைவலி. அந்த மூன்று விசையையும் செவிடாக்கும் குட்டி நிரல்கள் வந்தன. அவை எப்படி வேலை செய்தன என்பதில்தான் இந்த வாரக் கதையின் திருப்பம் இருக்கிறது.

* * *

யார் முதலில் கேட்பது?

விசை அழுந்தியதும் பயாஸுக்குக் கணினி தாவும் என்று சொன்னேன். முழு உண்மை அதுவல்ல.

நினைவகத்தின் அடிமட்டத்தில் ஒரு முகவரிப் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு இன்டரப்ட்டுக்கும் எங்கே போக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். விசைப்பலகைக்கு உரியது எண் 9. கணினி தொடங்கும்போது பயாஸ் அந்த இடத்தில் தன் முகவரியை எழுதிவைக்கும். விசை அழுந்தியதும் கணினி பட்டியலைப் பார்த்து, அங்கே இருக்கும் முகவரிக்குப் போகும்.

அந்தப் பட்டியலும் சாதாரண நினைவகம்தான். யார் வேண்டுமானாலும் எழுதலாம். பயாஸின் முகவரியைக் குறித்துவைத்துக்கொண்டு, அங்கே தன் முகவரியை எழுதிவிடுகிற நிரல், அதன் பிறகு எல்லா விசையையும் தானே முதலில் கேட்கும். பிடித்ததை வைத்துக்கொள்ளும், மற்றதை பயாஸுக்கு அனுப்பும். மனமில்லையென்றால் அனுப்பாமலும் விடும்.

இதை வைத்து நல்ல காரியங்கள் நடந்தன. 1984-இல் போர்லேண்ட் வெளியிட்ட சைட்கிக் நினைவகத்தில் பதுங்கியிருக்கும். கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்து அழுத்தினால், செய்துகொண்டிருக்கும் வேலையின் மேலேயே குறிப்பேடும் கால்குலேட்டரும் எழும்பி வரும். ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் என்றிருந்த டாஸில் இது மந்திரம் போலிருந்தது. மாதிரியைப் பார்த்து நூற்றுக்கணக்கான நிரல்கள் இதே வழியில் வந்தன. எல்லாமே எண் 9-இல் தம் முகவரியை எழுதின. கடைசியில் எழுதியவருக்கு முதல் காது. அதனால் அவற்றுக்குள் சண்டை. சைட்கிக்கை எல்லாவற்றுக்கும் கடைசியில் ஏற்றுங்கள் என்பது அந்த நாளில் எல்லோரும் அறிந்த அறிவுரை. வரிசை தவறினால் கணினி உறையும். உறைந்ததும் மூன்று விசை. அந்த மூன்று விசையும் அதே சங்கிலியின் வழியாகத்தான் பயாஸுக்குப் போயாக வேண்டும்.

சங்கிலியின் முதல் கண்ணியில் ஒரு திருடன் உட்கார்ந்தால்?

* * *

விசைக்குள் புகுந்தவன்

1987-இல் கலிஃபோர்னியாவின் மெரிட் கல்லூரியில் ஒரு வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அலமீடா, மெரிட், யேல் என்று பல பெயர்களில் அழைக்கப்பட்டது. ஃப்ளாப்பியின் முதல் பகுதியில், இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல் இருக்கும் இடத்தில் அது குடியிருக்கும். அப்படிப்பட்ட ஃப்ளாப்பியிலிருந்து கணினியைத் தொடங்கினால் டாஸ் வருமுன்னே அது நினைவகத்தில் ஏறிவிடும். ஏறியதும் எண் 9-ஐப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு காத்திருக்கும். சாதாரண விசைகளைத் தொந்தரவு செய்யாது. கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றும் சேர்ந்து வரும் கணத்துக்காகவே காத்திருக்கும்.

பயனர் இன்னொரு ஃப்ளாப்பியைப் போட்டு மூன்று விசையையும் அழுத்துவார். கையேடே அப்படித்தானே சொல்லிக்கொடுத்தது? அந்தக் கணத்தில், புது ஃப்ளாப்பியில் வைரஸ் தன்னை எழுதிக்கொள்ளும். எழுதி முடித்து, திரும்பத் தொடங்குவதைப் போலவே நடித்துக்காட்டும். திரை வெறுமையாகும், டாஸ் ஏறும். பயாஸின் முழுத் தொடக்கம் நடந்திருக்காது. இயங்குதளத்தைத் திரும்ப ஏற்றும் கடைசிப் படி மட்டும் நடந்திருக்கும். வைரஸ் நினைவகத்தில் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஹாலர்மன் காட்டிய வழி, தெரியாமல் அழுத்துவதைத் தடுத்தது. தெரிந்தே அழுத்துபவரை ஏமாற்றுவதை அது தடுக்கவில்லை. தடுக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவும் முடியாது. 1980-இல் அந்தக் கணினியில் உட்காரப்போவது ஒருவர், அவர் தன் ஃப்ளாப்பியைத்தான் போடுவார் என்பதே எல்லோருக்கும் இருந்த நினைப்பு.

1990-இல் இந்தியாவிலும் ஒன்று தலைகாட்டியது. ஜோஷி என்று பெயர் பெற்ற வைரஸ். ஜனவரி 5 வந்தால் கணினியை நிறுத்தி, 'ஹேப்பி பர்த்டே ஜோஷி' என்று தட்டச் சொல்லும். தட்டினால்தான் விடும். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அதன் உண்மையான சாமர்த்தியம் பிறந்தநாளில் இல்லை. அது ஹார்ட் டிஸ்க்கிலும் குடியேறியது. மூன்று விசையை அழுத்தித் திரும்பத் தொடங்கினாலும் நினைவகத்தைவிட்டுப் போகவில்லை. சுத்தமான ஃப்ளாப்பியைப் போட்டு, மூன்று விசையால் தொடங்கி, கணினி சுத்தமாகிவிட்டது என்று நம்பியவர் ஏமாந்தார்.

வைரஸ் தடுப்பு மென்பொருள்களின் கையேடுகள் ஒன்றுபோலச் சொன்ன அறிவுரை இதுதான்: கண்ட்ரோல் ஆல்ட் டெலீட்டை நம்பாதீர்கள். கணினியை அணையுங்கள். எழுத முடியாதபடி ஒட்டுத்தாள் ஒட்டிய ஃப்ளாப்பியைப் போட்டு, சுவிட்சிலிருந்து தொடங்குங்கள்.

போக்கா ராட்டன் பொறியாளர்கள் எந்தச் சுவிட்சிலிருந்து தப்பிக்க நினைத்தார்களோ, பத்து ஆண்டுகளில் பயனர்கள் அதற்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். பயாஸில் எந்தப் பிழையும் இல்லை. பிராட்லியின் கட்டளைகள் 1981-இல் செய்ததையே 1990-இலும் செய்தன. அவற்றைச் சென்றடையும் வழியில்தான் ஆட்கள் நின்றார்கள்.

* * *

டிஜிட்டலிலிருந்து வந்தவர்

இதற்கிடையே விசைப்பலகையும் மாறியது. 80களின் நடுவில் ஐபிஎம் கொண்டுவந்த 101 விசைப் பலகையில் வலப்பக்கத்திலும் கண்ட்ரோலும் ஆல்ட்டும் முளைத்தன. டெலீட்டுக்கும் தனி விசை வந்தது. நீண்ட விரல் உள்ளவர் வலது கையாலேயே மூன்றையும் அழுத்தலாம். தூரம் தந்த காவலும் பாதி போயிற்று.

1988 அக்டோபரில், வாஷிங்டன் மாநிலத்தின் ரெட்மண்டில் மைக்ரோசாஃப்ட்டில் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். பெயர் டேவ் கட்லர். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் விஎம்எஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். ஒரே கணினியைப் பலர் பகிரும் உலகத்திலிருந்து வந்தவர். அங்கே உட்காருபவர் யார் என்று கணினி கேட்கும், கடவுச்சொல்லை வாங்கும். அங்கேயும் ஒரு பழைய மோசடி உண்டு. உள்நுழையும் திரையைப் போலவே ஒரு போலித் திரையை ஓடவிட்டு எழுந்து போய்விடுவான் ஒருவன். அடுத்து வருபவர் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் அதில் தட்டிக்கொடுப்பார். தன் முன்னால் இருக்கும் திரை இயங்குதளத்தின் திரையா, திருடனின் திரையா என்று அவர் எப்படித் தெரிந்துகொள்வது?

இயங்குதளம் ஒன்றே கேட்கக்கூடிய, வேறெந்த நிரலின் காதுக்கும் முதலில் எட்டாத ஒரு விசைச் சேர்க்கை இருந்தால் தெரிந்துகொள்ளலாம். கட்லரின் குழு உருவாக்கத் தொடங்கிய புதிய இயங்குதளத்துக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டது. எந்த மென்பொருளும் ஏற்கெனவே தன் வேலைக்கு எடுத்துக்கொண்டிராத சேர்க்கையாக அது இருக்க வேண்டும். விசைப்பலகையில் அப்படி மிச்சமிருந்தவை மிகக் குறைவு. எழுதிய வேலை அழியும் என்ற பயத்தால் எல்லா மென்பொருள்காரர்களும் தொடாமல் ஒதுங்கியிருந்த ஒன்று மட்டும் அவர்கள் கண்ணெதிரே இருந்தது.

ஆனால் அந்த மூன்று விசையை அழுத்தினால் கணினி செத்துப்போகும் என்று பத்து ஆண்டுகளாகக் கற்ற மக்களிடம், வேலையைத் தொடங்க முதலில் அதையே அழுத்துங்கள் என்று எப்படிச் சொல்வது? அலமீடாவும் ஜோஷியும் இவ்வளவு எளிதாகத் திருடிய விசையை, இனி யாரும் திருட முடியாது என்று எதை வைத்து உறுதி கொடுப்பது?

(தொடரும்)